சாமியே போய்ப் படுத்த ஊர்



"விடுமுறையில் குடும்பத்துக்கு நிறைவு தருவது வீடா? வெளியூரா?" என்று நடுவர் ஐயா தலைப்புக் கொடுத்திருக்கிறார். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் என்ன சொன்னாரு? அப்படியே சொல்றேன். "லீவு நாளா? கதவைச் சாத்தினோமா, ஃபேனைப் போட்டோமா, சூடா நாலு வடையைத் தின்னோமா, டி.வி.யைப் பார்த்தோமா, அதுதாங்க சுகம்" என்றார். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன் ஐயா. அந்த நாலு வடையைச் சுட்டது யாரு? (பலத்த கைதட்டல்) ஃபேன் இருக்கிறது ஹால்ல. வடை வேகிறது அடுப்படியில. வீட்டோடு இருந்தால் அவருக்குத்தான் விடுமுறை. அவர் வீட்டுக்கார அம்மாவுக்கு அன்றைக்கு டபுள் ஷிப்ட்! (சிரிப்பு, கைதட்டல்)

ஷிப்ட் என்கிற வார்த்தை எனக்குத் தானாக வாயில் வருகிறது. ஏன்னா நான் திருவொற்றியூர்க்காரி. (கைதட்டல்) அந்தக் காலத்தில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எங்கள் பக்கத்தில் நேரம் சொன்னது கடிகாரம் இல்லை. கம்பெனிச் சங்கு. என் அப்பாவை வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷம் ஷிப்ட் வேலை பார்த்தவர். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் சாயங்காலம், ஒரு வாரம் ராத்திரி. ராத்திரி ஷிப்ட் வாரத்தில் பகலெல்லாம் தூங்குவார். இருப்பதோ பத்துக்குப் பன்னிரண்டில் ஒரே அறை. நாங்கள் மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூட லீவில் எங்கள் அம்மா எங்களிடம் பேசின ஒரே வார்த்தை "உஷ்!" பல்லாங்குழி ஆடினால் சோழி சத்தத்தில் நைனா முழித்துக்கொள்வார் என்று குழியில் துணியைப் போட்டு ஆடிய பிள்ளைகள் நாங்கள். வீட்டோடு இருப்பது சுகம் என்கிற நண்பர் எங்கள் வீட்டில் ஒரு மே மாதம் இருந்து பார்த்திருக்கணும்.

எதிரணியில் அந்த அம்மா கேட்டாங்க: "உங்க ஊர்லேயே கடல் இருக்கே, காசைக் கொட்டி மலைக்கு எதுக்குப் போகணும்?"

நல்ல கேள்வி. ஆனால் அம்மா, நீங்கள் எங்கள் கடற்கரையைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? எங்கள் பக்கத்தில் கரை இருக்கிறது, மணல் இல்லை. பாறாங்கல்தான் இருக்கிறது. இந்தக் கரையோரமாக வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடல் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே போகும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள். மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்குப் பக்கமே நின்றுவிட்டது. அங்கே கரை அகலமாகிக்கொண்டே போனது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அதை ஒட்டி உலாவுகிற பாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். வடக்கே இருந்த எங்களுக்கு மணல் வரத்து நின்றது, அலை மட்டும் வந்தது. தெரு தெருவாகக் கடல் தின்றது. அப்புறம் கல்லைக் கொட்டினார்கள். ஆக, மெரினாவில் நீங்கள் சுண்டல் வாங்கித் தின்கிறீர்களே, உட்கார்ந்திருப்பது எங்கள் மணல்! (பலத்த கைதட்டல்)

எண்ணூரையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் எண்ணூர் என்றால் உல்லாசப் போக்கிடம். கோட்டையில் வேலை பார்த்த துரைமார்கள் உப்பங்கழியில் படகு விடவும் மீன் விருந்து சாப்பிடவும் அங்கேதான் வருவார்களாம். இன்றைக்கு யாராவது "லீவுக்கு எண்ணூர் போறேன்" என்று சொன்னால் என்ன நினைப்பீர்கள்? ஏதோ வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நினைப்பீர்கள்! (சிரிப்பு) நான் தொழிற்சாலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சாப்பிட்ட சோறு அந்தப் புகையில் வந்த சோறு. ஊருக்குக் கரண்ட் வேண்டும், பெட்ரோல் வேண்டும், உரம் வேண்டும், எல்லாம் எங்கள் பக்கம் வைத்தாகிவிட்டது. சரி, இருக்கட்டும். எங்கள் பிள்ளைகள் கால் நனைக்க இருந்த மணலும் கழியும் போனதற்குப் பதிலாக என்ன தரப்போகிறோம் என்று கேட்டால், "ஃபேனைப் போட்டுக்கிட்டு வீட்ல இரு" என்பதா பதில்?

இப்போது எங்கள் குடும்பம் வெளியூர் போன கதை. வீட்டில் டி.வி. பார்த்ததால்தான் போனோம். அதனால் எதிரணிக்கும் இதில் பங்கு உண்டு. (சிரிப்பு)

1988-ஆம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம். தெருவில் எங்கள் வீட்டில்தான் புதுசாக டி.வி. வாசல் வரைக்கும் ஆள். அன்றைக்கு அனுமார் கடலைத் தாண்டப் போகிறார். பார்த்தால் படம் மேலும் கீழும் ஓடுது. நைனா ஓட்டு மேல் ஏறி ஆன்டெனாவைத் திருப்புகிறார். "தெர்தா?" "தெர்ல நைனா!" "இப்போ?" "கோடு கோடா வருது!" "இப்போ?" பளிச்சென்று அனுமார் வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "தெர்து! தெர்து!" என்று கத்தினோம். அந்தச் சந்தோஷத்தில் நைனா பிடியை விட்டார். அனுமார் இலங்கையில் இறங்கினாரு, நைனா சாக்கடை ஓரத்தில் இறங்கினாரு. (பலத்த சிரிப்பு)

வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துபோச்சு. எங்கள் பக்கத்தில் மூட்டை தூக்குகிறவன், படகு தள்ளுகிறவன், யாருக்குக் கை கால் முறிந்தாலும் தெருவே சேர்ந்து ஒரு ஊர்ப் பெயரைச் சொல்லும். புத்தூர்! ஆந்திராவில், நகரிக்கு அந்தப் பக்கம். பரம்பரையாக எலும்பு கட்டுகிறவர்கள் ஊர். பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, மேலே துணி. புத்தூர் கட்டு என்று சென்னையில்கூட போர்டு பார்த்திருப்பீர்கள். டாக்டர்கள் யாராவது இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்றைக்கு நான் எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம்தான் காட்டுவேன். அன்றைக்கு அப்படி. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லை என்று குடும்பமே கிளம்பியது. எலெக்ட்ரிக் டிரெயினில் சென்ட்ரல், அங்கிருந்து திருப்பதி போகிற ரயில்.

தென்னிந்தியாவில் முதல் பயணிகள் ரயில் கிளம்பினதே எங்கள் ராயபுரத்திலிருந்துதான் ஐயா, 1856-ல், வாலாஜா ரோடு வரைக்கும். ஊருக்கே ரயில் விட்ட எங்களுக்கு, அதில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியா மலை பார்க்க ஒரு கை உடைய வேண்டியிருந்தது. (கைதட்டல்) திருத்தணி தாண்டினதும் நகரி மலை. ஒரு பெரிய மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். வெள்ளைக்காரன் அதற்கு நகரி மூக்கு என்றே பெயர் வைத்தான், கடலில் வருகிற கப்பல்காரனுக்கு அது ஒரு அடையாளம். என் தம்பி கேட்டான், "மலைக்கு ஜலதோஷம் புடிக்குமா நைனா?" வலியோடு வந்த மனுஷன் அன்றைக்குத்தான் முதலில் சிரித்தார்.

இரண்டாம் தடவை கட்டு மாற்றப் போனபோது பள்ளிக்கூடமும் லீவு விட்டிருந்தார்கள். சின்ன ஊர் அது. பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, "பசங்களைக் கூட்டிக்கிட்டு இவ்ளோ தூரம் வந்துட்டு அப்படியே போறீங்களே, கைலாசகோனா பார்க்கலையா?" என்றார். நாராயணவனம் தாண்டிப் போனால் மலையடிவாரத்தில் சிவன் கோயிலும் அருவியும் என்றார். நைனாவுக்கு மனசே இல்லை. அம்மாதான் முதல்தடவையாக வாயைத் திறந்து, "போலாங்க" என்றாள்.

ஐயா, கோடைகாலம். தண்ணீர் குறைவாகத்தான் விழுந்தது. இருந்தாலும் விழுந்தது. எங்கள் அம்மா காசிமேட்டுக்காரி, கடல் அலைக்குப் பயப்படாதவள். அருவிக்கு அடியில் நிற்க மட்டும் பயந்தாள். "கடல் காலைத் தொட்டுட்டுப் போவும், இது இன்னாடி நேரா தலையிலயே வந்து உழுது!" என்றாள். (சிரிப்பு) பத்து நிமிஷம் கழித்து வெளியே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். எங்களை "உஷ்" என்று அடக்கின அம்மா, அங்கே நின்று கூச்சல் போட்டுச் சிரித்தாள். எனக்கு அப்போது பத்து வயசு. எங்கள் அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நைனா கட்டு நனையக்கூடாது என்று பாறைமேல் உட்கார்ந்திருந்தார். எங்கள் துணி, செருப்பு, சோற்றுப் பொட்டலம் எல்லாம் அவர் மடியில். திடீரென்று, "ஏமே, மணி இன்னா ஆவுது?" என்றார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே, "தெர்ல. தெரிஞ்சி இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள். நைனா பதில் பேசவில்லை. யோசித்துப் பார்த்தார், தெரிந்து ஒன்றும் பண்ண வேண்டியதில்லை! முப்பது வருஷ ஷிப்டில் சங்கு ஊதாத ஒரு மத்தியானம் அவருக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது. (கைதட்டல்)

அப்புறம் சாப்பாடு. பொட்டலத்தைப் பல்லால் அவிழ்த்து, இடது கையால் புளிசோறு எடுத்து எல்லோருக்கும் இலையில் வைத்தார். "இடது கையால சோறு போடக்கூடாதுங்க" என்றாள் அம்மா. நைனா சொன்னார், "வலது கை லீவுல கீது." (பலத்த சிரிப்பு, கைதட்டல்) எங்கள் அம்மா உட்கார்ந்து, நைனா பரிமாறி நான் பார்த்தது அன்றைக்குத்தான். வீட்டில் நடக்காதது ஏன் அங்கே நடந்தது? வீட்டில் அடுப்படி அம்மாவுடையது, பாய் நைனாவுடையது, மூலை எங்களுடையது. பாறைமேல் யாருக்கும் இடம் பிரித்து வைக்கவில்லை ஐயா.

நடுவர்: அம்மா, அப்ப எல்லாரும் கை ஒடைச்சுக்கணும்கறீங்களா? (சிரிப்பு)

வேண்டாம் ஐயா, கையை ஒடைச்சுக்காமலேயே பரிமாறலாம். (பலத்த கைதட்டல்)

திரும்பும்போது ஊத்துக்கோட்டை வழியாக பஸ். வழியில் சுருட்டப்பள்ளி. ஆரணி ஆற்றங்கரையில் ஒரு சிவன் கோயில். மற்ற ஊரில் லிங்கமாக இருக்கிற சாமி, அங்கே அம்பாள் மடியில் தலையை வைத்துப் படுத்திருப்பார். ஏன் என்று கேட்டோம். பஸ்ஸில் ஒரு பெரியவர் கதை சொன்னார். பாற்கடலைக் கடைந்தபோது வந்த ஆலகால விஷத்தை வாங்கிக் குடித்துவிட்டுக் கைலாசத்துக்குத் திரும்புகிறார், வழியில் மயக்கமாக வருகிறது, இந்த ஊரில் படுத்து ஓய்வெடுத்தார் என்று. அப்போது எனக்குக் கதைதான் தெரிந்தது. பிற்பாடு நினைத்துப் பார்த்தேன். விஷத்தைக் குடித்தவர் சாமி, ஒரே ஒரு தடவை. அவரே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கலாம் என்று இருக்கவில்லை, ஆற்றங்கரையில் படுத்துவிட்டார். நாங்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சம் குடிக்கிறவங்க. எங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் ஆற்றங்கரை கூடாதா? (நீண்ட கைதட்டல்)

செலவு, செலவு என்று பயமுறுத்தினார்கள். அன்றைக்கு ஐந்து பேருக்கும் ரயில், பஸ், டீ எல்லாம் சேர்ந்து அறுபது ரூபாய்க்குள்தான். இன்றைக்குக் கூடத்தான் ஆகும். ஊட்டியில் ரூம் போடு, குற்றாலத்தில் பங்களா எடு என்று நான் சொல்லவில்லை. காலையில் கிளம்பி ராத்திரி திரும்புகிற தூரத்தில் மலை இருக்கிறது, அதைச் சொல்கிறேன். மேலே பேசவேண்டியது ஆபத்தைப் பற்றி.

அதில் எதிரணி சொன்னதை நான் தள்ளமாட்டேன். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம், பதினேழு வயசுப் பையன் ஒருத்தன் போய்விட்டான். எங்கள் பக்கத்துப் பையன்கள் கும்மிடிப்பூண்டி லைனில் ரயிலேறித் தடா அருவிக்குப் போவார்கள். போனவன் எல்லாரும் திரும்பி வந்தான் என்று சொல்லமுடியாது. அந்த வீட்டு வாசலில் நின்று பேசுவது மாதிரி பேசுகிறேன், சிரிக்காமல் கேளுங்கள். அருவியில் குளிக்கிறவன் தலைக்கு மேலே வெயில் அடிக்கும். மழை பெய்வது மலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அந்தத் தண்ணீர் கீழே வந்து சேர அரைமணியோ ஒரு மணியோ ஆகும். எங்களுக்கு அந்தப் புத்தூர் டீக்கடை அம்மா சொல்லி அனுப்பினார்: "தண்ணி கலங்கினா, இலை தழை மிதந்து வந்தா, சத்தம் மாறினா, சோப்பு டப்பாவைத் தேடாதே கண்ணு, மேலே ஏறிடு." புத்தகத்தில் இல்லாத பாடம். மலையடிவாரத்துச் சின்ன ஊரில் பொறந்தவங்களுக்கு அது தெரியும். நாம் அவர்களிடம் டீ வாங்குகிறோம், புத்தி கேட்பதில்லை. அவர் ஊரில் அவரையே ஒதுங்கச் சொல்லிவிட்டு, வழுக்குப் பாறையில் நின்று செல்ஃபி எடுக்கிறோம். ஆபத்துக்குக் காரணம் அருவி என்றால் எப்படி? நீச்சல் தெரியாத பிள்ளையை வீட்டில் பூட்டுவது ஒரு வழி. நீச்சல் சொல்லிக் கொடுப்பது இன்னொரு வழி. பூட்டி வைத்த பிள்ளை ஒருநாள் சொல்லாமல் போவான். அவன்தான் ஐயா முழுகிப் போகிறவன்.

எங்கள் அணியையும் ஒரு குட்டு குட்டணும். 2019-ல் என் குடும்பத்தோடு மறுபடி அதே கைலாசகோனாவுக்குப் போனேன். தண்ணீரில் இறங்கின என் அண்ணன் மகள் காலில் பாட்டில் கண்ணாடி. நாலு தையல். யார் உடைத்த பாட்டில்? அந்த ஊர்க்காரனா? நம்ம பக்கத்திலிருந்து போகிற கூட்டத்தில் யாரோதான். சோற்றுப் பொட்டலம், பிளாஸ்டிக் பை, துணி, எல்லாம் ஓடையில். "நம்ம ஊரா இது" என்று போட்டுவிட்டு வருகிறோம்.

அது நம்ம ஊருக்குத்தான் வருகிறது! நகரி மலைப் பக்கம் பெய்கிற மழை ஆறாக இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து, பூண்டி ஏரிக்கு வருகிறது. பூண்டியில் மிஞ்சினது எங்கே போகும்? எண்ணூர் முகத்துவாரம்! இந்தப் பக்கம் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை வழியாக வருகிற ஆரணி ஆறு பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிறது. 2021 நவம்பரில் பூண்டியைத் திறந்தபோது மணலி புதுநகரில், சடையங்குப்பத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி. நாங்கள் மலைக்குப் போகாவிட்டாலும் மலை எங்களைத் தேடி வருது ஐயா. (கைதட்டல்)

வீடு வீடு என்று சொன்னீர்களே. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய் கலந்து அந்த முகத்துவாரம் முழுக்கக் கறுப்பாகப் பரவியது. கழியில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற பெண்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேலைக்கு எங்கே இறங்குவார்கள்? அதே மாதம் 26-ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகிற குழாயிலிருந்து அமோனியா. கண் எரிந்து, மூச்சு முட்டி, பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் வீட்டை விட்டு ரோட்டுக்கு ஓடினார்கள். கதவைச் சாத்தினோமா, ஃபேனைப் போட்டோமா என்று நண்பர் சொன்னபோது எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. நல்ல காற்று வருகிற தெருவில் வீடு இருக்கிறவருக்கு வீடு சுகம். அதை நான் மறுக்கவில்லை. எங்கள் தெருவுக்கும் அந்தக் காற்று வரட்டும், எங்கள் கழியும் மணலும் திரும்பட்டும், நானே வந்து எதிரணியில் உட்காருகிறேன். (பலத்த கைதட்டல்)

நடுவர் ஐயா மணியில் கை வைத்துவிட்டார். ஒரே நிமிஷம். நைனா 2009-ல் போய்ச் சேர்ந்தார். அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயசு. மூச்சிழுப்பு, கையில் எப்போதும் மருந்துக் குழல். போன வாரம் சும்மா உட்கார்ந்திருந்தவள் கேட்டாள், "அந்த அருவியில இப்ப தண்ணி உழுதாடி?" விசாரித்தேன். விழுதாம். டீக்கடை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, போய்த்தான் பார்க்கணும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறோம். பாறை வரைக்கும் அம்மாவால் நடக்க முடியாவிட்டால் சத்தம் கேட்கிற தூரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைப்பதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். கண்ணாடி பாட்டில் பொறுக்க ஒரு சாக்கும் எடுத்து வைத்தாச்சு. புளிசோறு நான் கட்டுகிறேன். பரிமாறப் போவது என் வீட்டுக்காரர். அதோ மூன்றாவது வரிசையில், தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாரே, அவர்தான். (சிரிப்பு) நல்லா பாருங்க ஐயா, ரெண்டு கையும் நல்லாத்தான் இருக்கு. (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)